டிரெய்லருக்கு அடங்காத வள்ளம்

நெடுங்கரிசல் கண்மாய் வற்றுவதற்கு மறந்துபோன காலத்தில், ஊரில் செத்தவர்களை அக்கரைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் போனது. சுடுகாடு அக்கரையில் இருந்தது. அதற்கு முன்னால் கண்மாய் என்பது வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெடித்துக் கிடக்கிற களிமண். பாடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குறுக்கே நடந்தால் போதும், செருப்புகூட நனையாது. பிறகு ஆற்றிலிருந்து புதுக் கால்வாய் வெட்டினார்கள், தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் போகவே இல்லை. சுற்றிப் போகலாம் என்றால் மேற்கே காற்றாலைக்காரன் முள்வேலி, கிழக்கே ஆள் முழுகுகிற ஓடை. ஆகவே பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். அப்படி நடந்தபோது பிணமாகக் கிடந்த என் சகலையின் அப்பா பாடையோடு சரிந்து விழுந்தார், விழுந்தவர் மல்லாந்து மிதந்தார், காற்றடித்த பக்கமாகப் போய் மடைக்குப் பக்கத்தில் தாமரைக்கொடியில் சிக்கி நின்றார், அவரைப் பிடித்துவர மீன்வலை இரவல் வாங்கவேண்டியிருந்தது. அதிலிருந்து அந்த வீட்டுக்கு மிதந்தார் வீடு என்று பெயர். மிதந்தார் வீட்டு மாடு, மிதந்தார் வீட்டு வேப்பமரம், மிதந்தார் வீட்டுக் கல்யாணம்.

என் சகலை பெயர் வெயிலுமுத்து. மாட்டுத் தரகன். நான் பழைய டிராக்டர், டிரெய்லர், பம்புசெட் வாங்கி விற்கிறவன். அக்காளை அவன் கட்டினான், தங்கச்சியை நான் கட்டினேன். கட்டிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை, ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததுமில்லை. ஒரே சந்தையில் வளர்ந்தவர்கள் நாங்கள், துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தை, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, பிடித்தவனுக்கும் பிடிபட்டவனுக்கும் மட்டும் தெரியும். அவனுக்குக் கல்லீரல் கெட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டபோது நான் போய்ப் பார்த்தேன்.

“சகல, எனக்கு ஒரு காரியம் செய்யணும்வே.”

“சொல்லித் தொலையும்.”

“நான் மிதக்கமாட்டேன்.”

“அதை எங்கிட்ட ஏன் சொல்லுதீரு? தண்ணிகிட்ட சொல்லும்.”

“ஒரு படகு வாங்கிட்டு வாரும். அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஆனா ரொம்ப நாளைக்கு முடியாது. அறுத்துக்கிட்டுப் போற மாட்டை எவ்வளவு நேரம் ஒருத்தன் பிடிக்க?”

அவன் பெண்சாதி பேச்சிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் அந்த நிமிஷமே கிளம்பினேன். பாசத்தினால் என்று யாரும் நினைக்கவேண்டாம்; என்னிடம் ஒருத்தன் ஒரு சாமான் கேட்டு நான் இல்லையென்று சொன்னதில்லை.

படகுக்காக மணல்முனைக்குப் போனேன். கடல் எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. அது பாட்டுக்கு வருகிறது, போகிறது, ஒரு விலையும் சொல்வதில்லை. அங்கே அமலோற்பவம் என்ற அம்மாளிடம் ஒரு மரவள்ளம் இருந்தது. மகன்கள் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் கரையில் சும்மா கிடந்தது. பக்கவாட்டில், மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும், நீலப் பெயிண்டில் அடைக்கலமாதா என்று எழுதியிருந்தது. காலையில் தொடங்கிய பேரம் வெயில் சாயும்வரை நடந்தது. நான் கத்தினேன், அந்த அம்மாள் கத்தினாள், நான் எழுந்து போனேன், கூப்பிடுவாள் என்று மெதுவாகப் போனேன், கூப்பிடவில்லை, துண்டை மறந்துவிட்டவன்போலத் திரும்பி வந்தேன், அப்போது கூப்பிட்டாள். இப்படியாக விலை படிந்தது. படிந்த பிறகு நான் பிறவிக் குணப்படி, “சரிம்மா, கொசுறு என்ன?” என்று கேட்டேன்.

“வள்ளத்துக்கு யாராவது கொசுறு கேப்பாங்களா அண்ணாச்சி?”

“கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை கேக்கறவன், வள்ளத்துக்குச் சும்மா போவானா?”

கூடி நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. வள்ளத்தின் பின்பலகையில் வலதுகையை விரித்து வைத்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை காட்டி, “இந்தாங்க, ஒரு சாண் கூட வச்சிக்கிடுங்க” என்றாள்.

டிரெய்லர் என்னுடையதுதான். வைக்கோல் ஏற்றியது, பருத்தி ஏற்றியது, ஒருதடவை கோயில் மணி ஏற்றியது. வள்ளத்தைக் கயிறு பிடித்து அளந்து, அதே கயிற்றை டிரெய்லரில் போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று கண்ட பிறகுதான் கொண்டுவந்திருந்தேன். ஈரமணல்தான் கெட்டி என்பதால் அலை தொடுகிற இடம்வரைக்கும் அதைப் பின்னால் இறக்கி நிறுத்தி, பனந்தடிகளை உருளையாகக் கொடுத்து, செயின் பிளாக்கை மாட்டி, மணல்முனை ஆம்பளைகள் இரண்டு பக்கமும் தோள் கொடுக்க, வள்ளம் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சாதுவாக ஏறியது. ஏறி நின்ற பிறகு பார்த்தால் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நிற்கிறது.

வைக்கோல் ஏற்றின கைக்கு ஒரு சாண் ஒரு பொருட்டா? கயிற்றைக் கட்டச் சொன்னேன். அமலோற்பவம் குறுக்கே வந்து நின்றாள்.

“வைக்கப்போருன்னு நெனச்சீங்களா? வள்ளத்துக்குப் பாரமே பின்னாலதான். பின்பலகை உங்க டிரெய்லரோட கடைசிச் சட்டத்துமேல குந்தணும். தொங்கவிட்டு இழுத்தா ரெண்டு மைல்ல முதுகு ஒடிஞ்சிரும். முதுகொடிஞ்ச வள்ளத்துல பொணமும் ஏறாது.”

நான் யார் சொல்லையும் முதல்தடவையில் கேட்டு வளர்ந்தவன் இல்லை. டிராக்டர் ஓட்டுகிற கோட்டைச்சாமியை இழுக்கச் சொன்னேன். டிரெய்லர் ஒரு முழம் நகர்வதற்குள் வள்ளத்தின் அடியிலிருந்து, மாட்டுக்குக் கால் ஒடிகிறபோது கேட்குமே, அந்தச் சத்தம் கேட்டது. நிறுத்தினோம்.

வெல்டர் இசக்கித்துரையை வரவழைத்தேன். பின்னால் கடல், ஆகவே பின்னால் நீட்டமுடியாது. டிரெய்லரின் முன்கொக்கியைக் கழற்றி, முன்பக்கம் ஒரு முழம் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தான். வள்ளத்தை அந்த அளவுக்கு முன்னே இழுத்தோம். பின்பலகை கடைசிச் சட்டத்தின்மேல் அச்சாக உட்கார்ந்தது. டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மூக்கு இழுத்துவிட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது, பின்னால் ஒரு சாண் வெளியே நிற்கிறது.

“அன்னைக்கு நீங்க அளந்தது கயிறா அண்ணாச்சி, ரப்பரா?” என்றான் இசக்கித்துரை.

“வாயை மூடிட்டு இன்னும் ஒரு முழம் வையிலே.”

வைத்தான், ஒரு சாண். மறுபடி வைத்தான், ஒரு சாண். இன்னொரு டிரெய்லரையே கொண்டுவந்து முன்னால் சேர்த்துப் பற்றவைத்தான், வள்ளம் அதையும் நிறைத்துக்கொண்டு பின்னால் ஒரு சாண் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வளரவில்லை. பார்வையை எடுத்து வைக்கிற நேரத்துக்குள் பலகை பலகையாகவும் ஆணி ஆணியாகவும், முதலிலிருந்தே அப்படித்தான் அடித்ததுபோல இருந்தது. கொசுறு கேட்டதால் வந்த வினை என்றார்கள் மணல்முனைக்காரர்கள். நான் அதை நம்பவில்லை, ஆனாலும் அமலோற்பவத்திடம் போய், “உன் சாணை நீயே எடுத்துக்கோம்மா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“குடுத்த கொசுறைத் திருப்பி வாங்குனா வியாபாரம் விளங்குமா அண்ணாச்சி? நீங்க வாங்குவீங்களா?”

நான் வாங்கமாட்டேன். ஆகவே திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. டிரெய்லர் எவ்வளவு நீளமோ அதற்கு மேல் ஒரு சாண் வள்ளம் நீளம் என்றால், டிரெய்லர் நெடுங்கரிசலுக்குப் போய்ச் சேர்ந்தால் வள்ளமும் போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும். இழுக்க வேண்டியதில்லை, நீட்டினால் போதும். “நீட்டுலே” என்றேன். எவ்வளவு தூரத்துக்கு என்று இசக்கித்துரை கேட்டான். நான் மேற்கே கையைக் காட்டினேன். அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

என் கிடங்கில் கிடந்த பழைய டிரெய்லர் எல்லாம் முதலில் தீர்ந்தது. பிறகு காற்றாலைக்காரன் கழித்துப்போட்ட இரும்பு, பிறகு மூடிக்கிடந்த பருத்தி மில்லின் உத்திரம், பிறகு வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள் தாங்களாகவே தூக்கிக்கொண்டு வந்து போட்ட மாட்டுவண்டி அச்சு, லாரி அச்சு, உடைந்த கட்டில், பள்ளிக்கூடத்து கேட். டயர் கிடைத்த இடத்தில் டயர், கிடைக்காத இடத்தில் கல். டிரெய்லர் மணலைத் தாண்டி உப்பளத்துக்குள் போனது, வள்ளமும் போனது. உப்பளத்தைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் போனது, வள்ளமும் போனது. கடைசியில், கடலோரத்தில், ஒரு சாண் எப்போதும் வெளியே நின்றது, அதில் அமலோற்பவம் சட்டப்படி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தாள், வெயிலில் நைந்தால் மாற்றினாள்.

உப்பு வாருகிற பொம்பளைகள் மத்தியான வேளைக்கு ஒதுங்க நிழலில்லாமல் ஆயுசைக் கழித்தவர்கள்; அவர்கள் முதல்நாளே வள்ளத்தின் நிழலில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, இது முந்தியே வந்திருக்கலாம் என்றார்கள். மணல்முனை மீன்காரிகள் பஸ்ஸுக்குக் காத்து நின்று கண்டக்டரிடம் நாற்றம் என்று பேச்சு வாங்குவதை விட்டுவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வள்ளத்துக்குள் இறங்கி அதன் வழியாகவே நடந்து வந்தார்கள், கால் சுடவில்லை, முள் குத்தவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்கள் கம்பும் மிளகாயும் சுமந்துகொண்டு எதிரே போனார்கள். நடுவில் சந்தித்த இடத்தில் பேரம் நடந்தது, பேரம் நடந்த இடத்தில் ஒரு டீக்கடை வந்தது. உட்காருகிற குறுக்குப் பலகைகள் வள்ளம் நீள நீளத் தாமாகவே பெருகியிருந்தன, கல்யாணத்துக்குப் பந்தி போட அதைவிடத் தோதான இடம் இல்லை என்று இரண்டு சம்பந்திகள் கண்டுபிடித்தார்கள்.

வள்ளத்தின் பெயரும் கூடவே நீண்டது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு ஊர் அடங்குகிற தூரம் ஆனது. ஆகவே ஜனங்கள் எழுத்தைச் சொல்லி வழி சொன்னார்கள். டீக்கடை ‘ல’வுக்குப் பக்கத்தில். ஆடு காணாமல் போனால் ‘மா’வுக்கு அந்தப் பக்கம் தேடு. பெரிய ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஜாக்கி வைத்து உயர்த்தித் தூண் கொடுத்தோம், பஸ்கள் அடியில் போயின, கண்டக்டர்கள் “வள்ளத்தடி எறங்கு” என்று கூவினார்கள். போக்குவரத்து ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். இது வண்டியா, கட்டடமா என்று கேட்டார். சக்கரம் இருக்கிறது, வண்டிதான் என்றேன். வண்டி என்றால் சாமான் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். ஒரு சாண் என்றேன். ஜீப்பிலேயே கடற்கரைவரைக்கும் போய்ப் பார்த்தார், சிவப்புத் துணியும் இருந்தது, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பிள்ளை வள்ளத்துக்குள்ளேயே பிறந்தது. அது கடற்கரைப் பிள்ளையா, கரிசல் பிள்ளையா என்று இரண்டு பக்கமும் வழக்கு வந்து, தாய் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தாள் என்று விசாரித்து, குறுக்காகப் படுத்திருந்தாள் என்று தெரிந்ததும் வழக்கைக் கைவிட்டார்கள்.

நான் சகலையைப் போய்ப் பார்க்கிறபோதெல்லாம் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“வருதாவே?”

“வந்துகிட்டே இருக்கு. மூக்கு உடைமரக் காட்டைத் தாண்டிட்டு.”

“வாலு?”

“வாலு அங்கனதான் இருக்கு.”

“இதென்ன வாறது? பாம்புகூட வாலை இழுத்துக்கிட்டுத்தாம்வே வரும்.” மூச்சு வாங்குவான். வயிறு பானைபோல வீங்கி, கையும் காலும் குச்சியாகிவிட்டிருந்தது. வலி வரும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான், முகம் கறுத்துப்போகும், சத்தம் வராது. “இழுத்துப் பிடிக்கேன். சீக்கிரம் பாரும்.”

என் பெண்சாதி ராசக்கனி தன் அக்காள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். “அவரை விட்ருங்க, போயிருவாரு. இப்படிப் பிடிச்சி வச்சிருக்கிறது பாவம்” என்றாள். “நானா பிடிச்சு வச்சிருக்கேன்?” என்று கத்தினேன்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசத்தில் வள்ளத்தின் மூக்கு நெடுங்கரிசல் கண்மாய்க் கரையில் ஏறி, தண்ணீருக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊர் கூடிக் குலவையிட்டது. பூசாரி மூக்குக்கு மஞ்சள் தடவி மாலை போட்டார். படகு வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் ஒவ்வொருவராக அமைதியானார்கள். மூக்கு இங்கே இருக்கிறது, வால் கடலோரத்தில் இருக்கிறது, நடுவில் ஊர் ஊராக ஆட்கள் உட்கார்ந்து மிளகாய் காயவைக்கிறார்கள். இதைத் தண்ணீரில் இறக்குவது எப்படி? டிரெய்லரைத் தண்ணீருக்குள் நீட்டலாம் என்றால் முதல் அச்சே சேற்றில் புதைந்தது. இசக்கித்துரை கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்சது இரும்பு. சேத்தைப் பத்தவைக்கத் தெரியாது” என்றான்.

சகலையிடம் போய்ச் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் “என்னைத் தூக்கும்” என்றான்.

“எங்க?”

“வாலைப் பாக்கணும். மூக்கைப் பாத்து மாடு வாங்கறவன் மடையன். மூக்கு நல்லாத்தான் இருக்கும், குறையெல்லாம் பின்னாலதான் இருக்கும். நீரு வாலைப் பாக்காமலே வாங்கியிருப்பீரு.”

“வாங்கும்போது அது சின்னதா இருந்துச்சு. எல்லாத்தையும் பாத்தேன்.”

“பாத்த லட்சணந்தான் தெரியுதே. தூக்கும்வே.”

பேச்சிக்கனி தடுத்தாள். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்றாள். “அதுக்குத்தானேடி கெடக்கேன்” என்றான் அவன். விடிந்ததும் நார்க்கட்டிலோடு தூக்கி வள்ளத்தின் மூக்குவழியாக உள்ளே இறக்கினோம். ஒரு காலை நான் பிடித்தேன், மற்ற மூன்றையும் ஊர்க்காரர்கள் பிடித்தார்கள். அவர்கள் எழுத்துக்கு எழுத்து மாறினார்கள், நான் மாறவில்லை.

“மெதுவா போங்கடா, நான் என்ன புண்ணாக்கு மூட்டையா?”

“புண்ணாக்கு மூட்டை பேசாது.”

இப்படியே போனோம், கம்பங்காட்டைப் பார்த்துக்கொண்டு போனோம், காற்றாலை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு போனோம், காய்கிற மிளகாயை ஒதுக்கி வழிவிட்டார்கள், தும்மிக்கொண்டே போனோம். அவன் கட்டிலில் கிடந்தபடியே இரண்டு பக்கப் பலகையையும் தடவிக்கொண்டு வந்தான். இந்தப் பலகையில் முடிச்சு இருக்கிறது, விலை பேசும்போது பார்த்தீரா? இந்த ஆணி துரு, இதற்குக் குறைத்தீரா? டீக்கடையில் ஒருத்தி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், உதட்டை நனைத்துக்கொண்டு, காப்பி மோசமில்லை என்றான். பெரிய ரோட்டுக்கு மேலே போகும்போது அடியில் ஒரு பஸ் நின்றது, வள்ளத்தடி இறங்கு என்று சத்தம் கேட்டது, அவன் முதன்முறையாகச் சிரித்தான். உப்பளத்தில் கண் கூசியது, துண்டை எடுத்து அவன் முகத்தில் போட்டேன். அவன் எடுத்துப்போட்டான். “எதுக்கு மூடுதீரு? இன்னும் இருக்கேன்.”

வெயில் சாய்கிற நேரத்துக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தோம். அமலோற்பவம் அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அவன் தலைமாட்டில் நின்று, “இவருக்கா வள்ளம்?” என்றாள். “எனக்கேதான் தாயி” என்றான். கடைசிப் பலகையில் தன்னை உட்காரவைக்கச் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டேன். அவன் கையைப் பின்பலகைக்கு அப்பால் விட்டு, வெளியே நின்ற அந்த ஒரு சாணை, மாட்டுக்கு வால்முளை தடவுகிறமாதிரி, மேலும் கீழும் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தான். அவன் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை.

“இவ்வளவு தண்ணியா” என்றான்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “ஒருத்தனும் மிதக்கக் காணோம்” என்றான்.

அலை வந்து டிரெய்லரின் கடைசி டயரைத் தொட்டுவிட்டுப் போனது. அவன் தன் துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டான். “வாலு சுத்தம். நல்ல சாமான்தான். என்ன வெலைக்குப் படிஞ்சுது?”

நான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு என் விரலில் ஒன்றை மடக்கினான். இவ்வளவுதான் பெறும், கூடக் கொடுத்துவிட்டீர் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. மடக்கிய விரலை நிமிர்த்தினேன். அவன் மறுபடி மடக்கவில்லை. அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, ஆகவே காத்திருந்தேன், துண்டுக்கு அடியில் அவன் கை என் கைக்குள் அப்படியே இருந்தது, வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

வள்ளத்தை முதலில் கவனித்தது அமலோற்பவம். “அண்ணாச்சி, பலகையைப் பாருங்க” என்றாள். வள்ளம் அவள் எனக்கு விற்ற அளவுக்கு இருந்தது. பின்பலகை டிரெய்லரின் கடைசிச் சட்டத்தின்மேல், மயிரிழை முன்னே பின்னே இல்லாமல், குந்தியிருந்தது. சிவப்புத் துணி இரும்பை உரசிக்கொண்டு தொங்கியது. எங்களுக்கு முன்னால் நெடுங்கரிசல்வரைக்கும் வெறும் இரும்புச் சட்டம் நீண்டுகிடந்தது, அதன்மேல் மீன்காரிகள் தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள், டீக்கடைக்காரி பாய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை; வள்ளம் அவர்களைப் பக்குவமாக இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தது.

இசக்கித்துரை வந்து, எந்த இடத்தில் முதல்முதலாகப் பற்றவைத்தானோ அந்த இடத்தில் அறுத்து, கொக்கியைத் திரும்ப மாட்டினான். கோட்டைச்சாமி டிராக்டரைக் கோத்தான். வெயிலுமுத்துவை வள்ளத்துக்குள் கிடத்தி, அமலோற்பவமும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ரோட்டுவழியாகப் போனோம். கயிறு கட்டினோம், கட்டவேண்டிய தேவை இருக்கவில்லை, ஒரு குலுக்கலுக்கும் அசையவில்லை. வழிநெடுக ஜனங்கள் நின்றார்கள். அழுதார்கள் என்று சொல்லமுடியாது. உப்பளத்துக்காரி ஒருத்தி டிராக்டரை மறித்தாள்.

“சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போனா என்னய்யா அர்த்தம்? நாளைக்கு நாங்க எங்க உக்காந்து சாப்பிட?”

“பொணம் போகுதும்மா.”

“போகட்டும். நான் கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு.”

வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் வழிவிட்டாள். பிற்பாடு அந்த இரும்புச் சட்டத்தின்மேல் அவரவர் பாட்டுக்கு ஓலை வேய்ந்துகொண்டார்கள் என்று கேள்வி.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் இறக்கினோம். அமலோற்பவம் சேலையை வரிந்துகொண்டு நின்று சொன்னபடி செய்தோம், வள்ளம் வழுகி இறங்கி நின்றது. அவள்தான் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுத்தாள். “வலிக்கிறவன் பின்பக்கத்தைப் பாத்து உக்காரணும். போற எடத்தைப் பாக்கப்பிடாது, முன்னால இருக்கிறவங்க திசை சொல்லணும்.” பொம்பளைகளோடு அவள் கரையிலேயே நின்றுகொள்ள, கோட்டைச்சாமி வலித்தான். நாங்கள் பாடையைச் சுற்றி உட்கார்ந்தோம். சங்கு ஊதினார்கள், தண்ணீருக்குமேல் அந்தச் சத்தம் வேறுமாதிரி இருந்தது. அக்கரையில் பாடையை இறக்கியபோது அதன் கோடித்துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் மகன் கொள்ளி வைத்தான். தீ பிடித்துக்கொண்டது.

திரும்பவேண்டிய நேரம் வந்தபோதுதான் அந்தச் சங்கடம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. சுடுகாட்டிலிருந்து கிளம்பினவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போனவன் கூடவே வருவான். நடந்து போன காலத்தில் அது சுலபம். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிடலாம். வள்ளத்தில் வலிக்கிறவன் மட்டும் கரை சேரும்வரைக்கும் சுடுகாட்டைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்தாகவேண்டும். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி ஊரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வலிக்கிற பலகை காலியாகக் கிடந்தது.

“கோட்டைச்சாமி, உக்காருலே.”

“எனக்குச் சின்னச்சின்னப் பிள்ளைக இருக்கு அண்ணாச்சி.”

வேறு யாரிடமும் நான் கேட்கவில்லை. ஏறி, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பைப் பிடித்தேன். கையில் தழும்பு ஏறிய ஆள் நான், ஆனாலும் அது வேறு மாதிரிப் பிடி, முதல் வலிப்பிலேயே உள்ளங்கை எரிந்தது. வள்ளம் கரையைவிட்டு நகர்ந்தது. எனக்குப் பின்னாலிருந்து, வலப்பக்கம் வலியுங்க, இனி இடப்பக்கம், இனி நேரா, என்று அவர்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சொன்ன பக்கமெல்லாம் வலித்தேன். அக்கரையில் தீ நன்றாக நின்று எரிந்தது, நான் கண்ணை எடுக்கவில்லை.